ஏணி பிடிக்க ஆள் வேண்டாம்

நான்கு கூரைப்பல்லி இயந்திரங்களும் வேலையை முடித்துக்கொண்டு சுவர் வழியாக வரிசையாக இறங்கி வந்தன. ஒவ்வொன்றின் வாயிலும் அழுகிய இலைக்கூழ் நிறைந்திருந்தது. வாசலில் விரித்திருந்த சாக்கில் அதைத் துப்பிவிட்டு, தாமாகவே பெட்டிக்குள் ஏறிப் படுத்துக்கொண்டன.

"பாத்தீங்களாக்கா? இருபது நிமிஷம்," என்றான் இசக்கியப்பன். 'தெளிவாய்' என்ற கூரைத் துப்புரவு நிறுவனத்தின் ஆள் அவன். ஜெசிந்தா முதல்முறையாக இப்படி ஒரு சேவைக்குச் சொல்லியிருந்தாள். போன வருடம் வரை அவளே ஏணி போட்டு ஏறிச் சுத்தம் செய்தாள். அப்படி ஏறியபோது விழுந்து இடது மணிக்கட்டு முறிந்தது. இன்னும் அந்தக் கையால் குடத்தைத் தூக்க முடியவில்லை.

தூத்துக்குடியில் குழாய்த் தண்ணீர் நின்றுபோய்ப் பதினோரு வருடம் ஆகிறது. அவரவர் கூரையில் விழும் மழைதான் அவரவர் குடிநீர். சரிந்த கூரையின் ஓரம் முழுக்கத் தகர வாய்க்கால் ஓடும். கூரைவாய் என்பார்கள். அது தொட்டியில் போய் முடியும். ஐப்பசி மழைக்கு முன் அதில் ஒரு கைப்பிடி இலை அடைத்தாலும் தண்ணீர் தெருவுக்குப் போய்விடும். கோடைக்கு எதுவும் மிஞ்சாது.

அந்தக் கூரைவாயில் விழுபவை பக்கத்து வீட்டு வாதாமரத்தின் இலைகள். மரம் வெள்ளத்தாயினுடையது. வெள்ளத்தாய் வீடு பழைய மொட்டைமாடி வீடு. கூரைவாயும் இல்லை, தொட்டியும் இல்லை. அவளுக்குக் கிணறு மட்டும்தான். அதுவும் பாதிக் கிணறு. இரண்டு வீட்டுக்கும் நடுவிலிருந்த மதில் கிணற்றின் குறுக்கே ஏறிப் போனது. அந்தப் பக்கம் ஒரு கப்பி, இந்தப் பக்கம் ஒரு கப்பி. சுற்றுவட்டாரத்தில் உப்பேறாமல் மிஞ்சிய கிணறுகள் அந்தத் தெருவில்தான் இருந்தன; அதுவும் ஒன்று.

"பல்லி இன்னிக்குக் கழுவிட்டுப் போயிரும். அடுத்த மாசம் மறுபடி அடைக்கும்," என்று இசக்கியப்பன் இன்னொரு சிறிய பெட்டியைத் திறந்தான். உள்ளே விரல் நீளத்தில் ஆறு இயந்திரத் தும்பிகள் இருந்தன. ஒவ்வொன்றின் வாலிலும் ஓர் ஊசி. "இலை தானா விழுறதில்லக்கா. மரம்தான் கழட்டி விடுது. காம்பும் கிளையும் சேருற இடத்துல மெல்லிசா ஓர் அடுக்கு இருக்கு. மரம் நெனச்சா அந்த அடுக்கு இத்துப்போகும், இலை விழுந்துரும். எங்க மருந்து அதை இத்துப்போக விடாது. இலைக்கு மூப்பே வராது. பச்சை கூட மங்காது."

மரம் எதற்காக இலையைக் கழற்றி விடுகிறது என்று அவள் அன்று கேட்கவில்லை. பிறகு எத்தனையோ நாள் அந்தக் கேள்வியைத் தனக்குள் கேட்டுக்கொண்டாள்.

"மரம் உங்களோடதா?"

"பக்கத்து வீட்டு அக்காவோடது. திருச்செந்தூருக்குப் போயிருக்காங்க. சாயங்காலம் வந்துருவாங்க."

"சாயங்காலம் நான் புதுக்கோட்டையில இருப்பேன். உங்க கூரைக்கு மேல வாற கிளைக்கு மட்டும்னா நீங்களே கைரேகை வைக்கலாம்."

பாதி மரம் அவள் கூரையின் மேல்தான் கிடந்தது. இந்தப் பக்கம் விழும் கொட்டை அவளுக்கு. வெள்ளத்தாயே அப்படித்தான் சொல்லுவாள்: "கிணறு மாதிரிதாம்ட்டி. பாதி உனக்கு, பாதி எனக்கு."

"மருந்து அந்தப் பக்கத்துக் கிளைக்குப் போகாதுல்ல?"

"போகாதுக்கா. போட்ட கிளையில நிக்கும்."

அவள் மதிலைப் பார்த்தாள். கிணற்றின் குறுக்கே நின்ற மதில். அந்த மதில் தண்ணீருக்கு மேலேதான் இருந்தது, தண்ணீருக்குள் இல்லை. பிறந்ததிலிருந்து அந்தத் தண்ணீரைக் குடித்தவளுக்கு அது தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. கட்டைவிரலை வைத்தாள். தும்பிகள் எழுந்து கிளைக்குள் போயின.

"இனி ஏணி வேண்டாம்க்கா," என்று இசக்கியப்பன் பெட்டியை மூடினான். "ஏணி பிடிக்க ஆளும் வேண்டாம்."

ஏணி பிடிக்கும் ஆள் சாயங்காலம் விபூதிப் பொட்டலத்தோடு வந்தாள். ஒவ்வொரு ஆவணியிலும், ஒவ்வொரு மாசியிலும் வெள்ளத்தாய்தான் ஏணியைப் பிடிப்பாள். "எம் மரத்துக் குப்பைய நீ அள்ளுத. ஏணியையாவது நான் பிடிக்கேன்" என்பது அவள் கணக்கு. ஏணிக்கால் வழுக்காமலிருக்க ஒரு சாக்கை மடித்துக் கீழே வைப்பாள். பிறகு இறங்கும்வரை பேச்சுதான். ஜெசிந்தா விழுந்த அன்று அவள் ஊரில் இல்லை.

"ஏட்டி ஜெசி, ஆளு வச்சு அள்ளிட்டியாமே? எனக்கு வயசாயிட்டுன்னு வேலைய விட்டு நிறுத்திட்டியாக்கும்?"

"கை வலிக்கே, அக்கா."

"வலிச்சா சொல்லணும். நான் ஏறிருப்பேன், நீ பிடிச்சிருப்ப."

"நீங்க ஏறினா ஏணி தாங்குமா?"

"வாயப் பாரு. ஓசூருக்கு வந்துருன்னு எம் மவன் தினமும் கூப்பிடுதான். கிணத்துல தண்ணி கிடக்குறவரை நான் ஏன் போறேன்? ஒன் வாய்க்குப் பயந்து வேணா போகலாம்."

பல்லிகளைப் பற்றி ஜெசிந்தா எல்லாம் சொன்னாள். தும்பிகளைப் பற்றி நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

ஐப்பசியில் மழை வந்தது. கூரைவாயில் ஓர் இலை இல்லை. தொட்டி நிரம்பி வழிந்தது. தெருவில் பாதி வீடுகள் தெளிவாய்க்குச் சொல்லின.

மாசி வந்தது. வழக்கமாக அந்த மாதம் வாதாமரம் சிவக்கும். பத்துப் பதினைந்து நாளில் எல்லாம் கொட்டி மொட்டையாகும். அந்த வருடம் ஓர் இலைகூடச் சிவக்கவில்லை. ஜெசிந்தாவின் கூரை மேல் கிடந்த கிளைகளில் மட்டும் அல்ல. அந்தப் பக்கத்துக் கிளைகளிலும் இல்லை. மருந்து அடிமரம்வரை இறங்கி, மறுபக்கம் ஏறியிருந்தது.

"பாத்தியாட்டி? எம் மரத்துக்கு எளமை திரும்பிட்டு!" என்று வெள்ளத்தாய் மதிலுக்கு மேல் எட்டிச் சொன்னாள். அந்த நிமிடத்தில் சொல்லியிருக்கலாம். அவளுடைய முகத்தில் அத்தனை பெருமை. ஜெசிந்தா சிரித்து வைத்தாள்.

சித்திரையில் கிணறு வேகமாக இறங்கியது. மற்ற வருடங்களைவிட இரண்டு முழம் கூடுதலாகக் கயிறு விட வேண்டியிருந்தது. வைகாசியில் தண்ணீர் கரித்தது. ஜெசிந்தா தன் தொட்டியிலிருந்து தினமும் இரண்டு குடம் மதிலுக்கு மேல் கொடுத்தாள். ஒரு வீட்டுக்கென்று கட்டிய தொட்டி இரண்டு வீட்டுக்குக் கண்டது வைகாசிக் கடைசிவரைதான்.

கோடையில் கிணறு வற்றினால் நீர்வாரிய லாரி வரும். யாரும் மனுப் போட வேண்டியதில்லை. ஒவ்வொரு நன்னீர்க் கிணற்றுக்கும் அருகிலுள்ள பெரிய மரத்தை வாரியம் சாட்சி மரமாகப் பதிந்து வைத்திருந்தது. பத்து நாளுக்கு ஒருமுறை வான்கண் என்ற செயற்கைக்கோள் மேலே கடக்கும்போது மரத்தின் பச்சையை அளக்கும். தண்ணீர் குறைந்தால் மரம் இலையை விடும். மரம் இலையை விட்டால் லாரி வரும். மனுக்களில் ஆள் பொய் சொல்கிறான், மரம் சொல்லாது என்பதால் கொண்டுவந்த ஏற்பாடு.

ஆனி பிறந்தும் லாரி வரவில்லை. இருவரும் வாரிய அலுவலகத்துக்குப் போனார்கள். அங்கிருந்த அதிகாரி கண்ணாடிப் பலகையில் அவர்கள் தெருவைக் கொண்டுவந்தார். மேலிருந்து பார்க்கத் தெரு பசுமையாகக் கிடந்தது.

"இவ்வளவு பச்சை. தண்ணியில்லாமலா?"

"கரிக்குதுய்யா. குடிச்சுப் பாருங்க," என்று வெள்ளத்தாய் பாட்டிலை நீட்டினாள்.

"நீங்க உப்பைக் கலந்து கொண்டுவரலாம். மரம் கலக்காது." அவர் படத்தைப் பெரிதாக்கினார். "இந்த வாதாமரம்தானே சாட்சி?"

"ஆமா, எம் மரந்தான்," என்றாள் வெள்ளத்தாய். அந்த இடத்திலும் அவள் குரலில் பெருமை இருந்தது.

ஜெசிந்தா வாயைத் திறந்தாள். அதிகாரியின் தலைக்கு மேல் அறிவிப்பு ஒட்டியிருந்தது: சாட்சி மரத்தில் கைவைத்தால் அந்தக் கிணற்றுக்கு மூன்று ஆண்டுகள் லாரி இல்லை. வாயை மூடிக்கொண்டாள். அறிவிப்பைக் கண்டு மூடினாளா, வெள்ளத்தாய் பக்கத்தில் நின்றதால் மூடினாளா என்று அவளுக்கே நிச்சயமாகத் தெரியவில்லை.

திரும்பும் வழியில் வெள்ளத்தாய் சொன்னாள்: "மவன்கிட்டச் சொல்லிட்டேன். சனிக்கிழமை வண்டி."

வீட்டுக்கு வந்ததும் ஜெசிந்தா கைக்கெட்டிய கிளையை இழுத்து ஓர் இலையைத் தொட்டாள். பச்சையாகத்தான் இருந்தது. மடக்கியதும் அப்பளம் போல உடைந்தது. கிளையின் பட்டையை நகத்தால் கீறினாள். உள்ளே ஈரம் இல்லை.

மரம் எதற்காக இலையைக் கழற்றுகிறது என்று இப்போது புரிந்தது. மரம் குடிக்கும் தண்ணீர் இலை வழியாகத்தான் ஆவியாகப் போகிறது. தண்ணீர் குறைந்தால் இலையைக் கழித்து, குடிப்பதை நிறுத்திக்கொள்ளும். கழிக்க முடியாத மரம் கோடை முழுக்கக் கிணற்றைக் குடித்தது. நன்னீர் இறங்க இறங்கக் கீழேயிருந்து கடல் ஏறியது. கடைசியில் மரமும் அந்தக் கடலைத்தான் குடித்தது. எப்போது செத்ததென்று யாருக்கும் தெரியாது. செத்ததைச் சொல்ல இலை விழ வேண்டும்.

மறுநாள் காலை அவள் ஏணியைச் சாய்த்து ஏறினாள். இடது கையால் கிளையைக் கட்டிக்கொண்டு வலது கையால் இலைகளைப் பறிக்க ஆரம்பித்தாள். காம்பு லேசில் வரவில்லை. முறுக்கி முறுக்கி எடுக்க வேண்டியிருந்தது. பறித்தவை கூரையில் சரிந்து கூரைவாயில் விழுந்தன. ஞாயிற்றுக்கிழமை வான்கண் கடக்கும். அதற்குள் மரம் மொட்டையாக வேண்டும்.

"ஏட்டி! பட்டப்பகல்ல குரங்கு மாதிரி எம் மரத்துல என்னட்டி பண்ணுத?" மதிலுக்கு அந்தப் பக்கம் கீழே வெள்ளத்தாய் இடுப்பில் கைவைத்து நின்றாள்.

ஜெசிந்தா ஏணியிலிருந்தபடியே எல்லாவற்றையும் சொன்னாள். இறங்கி வந்து முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியம் இல்லை.

வெள்ளத்தாய் கீழே கிடந்த இலை ஒன்றை எடுத்து உடைத்துப் பார்த்தாள்.

"எப்பப் போட்ட?"

"போன ஆவணில."

"நான் எங்க இருந்தேன்?"

"திருச்செந்தூர் போயிருந்தீங்க."

"சாயங்காலம் வந்தேன்ல?"

"வந்தீங்க."

"பேசிட்டுதான இருந்தோம்?"

"ஆமாக்கா."

வெள்ளத்தாய் உடைந்த இலையைக் கீழே போட்டாள். உள்ளே போனாள். கதவு சாத்தும் சத்தம் கேட்கும் என்று ஜெசிந்தா காத்திருந்தாள். கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் தெருவைச் சுற்றிக்கொண்டு இந்தப் பக்கத்து வாசல் வழியாக வந்தாள். கையில் மடித்த சாக்கு. குனிந்து ஏணிக்காலுக்கடியில் அதைச் செருகி, இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்தாள்.

"அந்தக் கொம்பை விட்டுட்ட," என்றாள். "பறி."

மூன்று நாள் பறித்தார்கள். மூன்று நாளும் வெள்ளத்தாய் ஏணியைப் பிடித்தாள். பேசவில்லை. இத்தனை வருடத்தில் அவள் பேசாமல் ஏணி பிடித்தது அதுதான் முதல்முறை. மன்னித்துவிட்டாளா, கை பழகிய வேலையைச் செய்தாளா என்று மேலிருந்து பார்க்கத் தெரியவில்லை. உச்சந்தலையும் நரைத்த வகிடும்தான் தெரிந்தன.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஜெசிந்தா கேட்டாள். "லாரி வந்துரும்க்கா. பயணத்தத் தள்ளிப் போடலாம்ல?"

"லாரி வரும். கிணறு வருமா?"

சனிக்கிழமை காலை வெள்ளத்தாய் இரண்டு பையோடு ஓசூருக்குப் போனாள்.

செவ்வாய்க்கிழமை லாரி வந்தது. ஓட்டுநர் மொட்டை மரத்தை அண்ணாந்து பார்த்து, "நல்ல வறட்சிதான்," என்றார். பட்டியலைப் பார்த்தார். "ரெண்டு வீட்டுக் கிணறுன்னு போட்டிருக்கு. இன்னொரு வீடு?"

"பூட்டியிருக்கு."

"அப்பப் பாதிதான் விடுவேன்."

லாரி நின்றதைத் தெரு முழுக்கப் பார்த்தது. அந்த வாரத்திலேயே மற்ற வீடுகளின் மதில்களிலும் ஏணிகள் சாய்ந்தன. வேம்பிலும் புங்கையிலும் ஆட்கள் ஏறி, விழ மாட்டேனென்ற இலைகளை முறுக்கிப் பிடுங்கினார்கள்.

ஆடி முதல் வாரம் இசக்கியப்பன் வந்தான். கையில் புதுப் பெட்டி.

"இலை பறிக்குற தும்பிக்கா. புதுச் சேவை. வான்கண் கடக்குறதுக்கு முந்தின நாள் வந்து மரத்தை மொட்டையாக்கிரும். கூரைவாயில விழுறத பல்லி அள்ளிரும். உங்க தெருவுல ஒம்பது வீடு சொல்லியாச்சு." அவன் மதிலில் இன்னும் சாய்ந்து நின்ற ஏணியைப் பார்த்தான். "இதெல்லாம் எதுக்குக்கா இனி? ஏணி பிடிக்க ஆள் தேட வேண்டாம்."

ஏணிக்காலுக்கடியில் மடித்த சாக்கு அப்படியே இருந்தது.

"ஆளு போயிட்டாங்க, தம்பி," என்றாள் ஜெசிந்தா.

"அதத்தான்க்கா நானும் சொல்லுதேன்," என்றான் அவன். "ஆளே வேண்டாம்."