இணைமனை

பொறி தந்த சீட்டில் ஒரே ஒரு சொல்தான் இருந்தது: இணைமனை.

மாசிலாமணி அதை இரண்டு முறை படித்தான். வேறு ஏதாவது எழுதியிருக்கிறதா என்று சீட்டைத் திருப்பியும் பார்த்தான். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. அவன் மனைவி குமுதவல்லி எட்டிப் பார்த்துவிட்டுக் கைப்பையை மூடினாள். பதிமூன்று வயது மகள் இதழினிதான் துள்ளிக் குதித்தாள்.

"நான்தான் சொன்னேனே! பின்னாடி வண்டி எனக்கு!"

கடலூர் நகர்மனைச் சந்தையில் அன்று நிற்க இடமில்லை. கடல்நீர் நிலத்தடியில் ஏறி அஸ்திவாரங்களைத் தின்னத் தொடங்கிய பிறகு, கரையோரத்தில் சக்கரமில்லாத வீடுகளில் குடியிருக்க அனுமதி இல்லை. கோடையில் ஊரோடு இருக்கலாம். மழைக்காலத்தில் வீட்டை ஓட்டிக்கொண்டு மேட்டுநிலத் தங்கலுக்குப் போய்விட வேண்டும். ஐப்பசிக்குள் ஒவ்வொரு குடும்பமும் ஒரு நகர்மனை வாங்கியாக வேண்டும் என்று கெடு வைத்திருந்தார்கள்.

எதை வாங்குவது என்று தலையை உடைத்துக்கொள்ளும் வேலையை ஒத்திகைப்பொறி எடுத்துக்கொண்டிருந்தது. குடும்பம் முழுவதும் அதன் முன்னால் அரைமணி நேரம் உட்கார்ந்தால் போதும். அவர்களுடைய உடல்நிலை, வேலை, சுபாவம், போகப்போகும் ஊர், வரப்போகும் மழை எல்லாவற்றையும் சேர்த்து, அடுத்த பத்து வருட வாழ்க்கையை ஒவ்வொரு வகை வண்டியிலும் நாற்பதாயிரம் முறை ஓட்டிப் பார்க்கும். எதில் துன்பம் குறைவோ அதன் பெயரைச் சொல்லும். பெயரை மட்டும்தான். ஆரம்பத்தில் காரணத்தையும் சொல்லிக்கொண்டிருந்தது. 'மூன்றாம் ஆண்டு, மாமியார்' என்று ஒரு சீட்டு வந்து இரண்டு குடும்பங்கள் கைகலப்பில் இறங்கிய பிறகு, காரணம் சொல்லக் கூடாதென்று சட்டம் போட்டுவிட்டார்கள்.

விற்பனைக்காரர் அவர்களை வரிசையாக நின்ற வண்டிகளுக்கு நடுவே அழைத்துப் போனார். முதலில் குறுமனை. சந்துபொந்தில் எல்லாம் நுழையும், ஆனால் படுக்கையை மடித்தால்தான் அடுப்பு வெளியே வரும். அடுத்தது பெருமனை. பேருந்து நீளம், ஒரே உடல், பதினோரு டன். நின்றபடி குளிக்கலாம், மூன்று பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடலாம். கடைசியில் இணைமனை. முன்னும் பின்னுமாக இரண்டு சின்ன வீடுகள், நடுவில் ஒரு கொக்கி. இரண்டுக்கும் தனித்தனி மோட்டார், தனித்தனி ஸ்டீயரிங்.

"இந்த நெம்புகோலைத் தூக்கினா போதும் சார், தனித்தனியாப் பிரிஞ்சிடும். ஒருத்தர் இந்தப் பக்கம் போகலாம், இன்னொருத்தர் அந்தப் பக்கம் போகலாம்" என்றார் அவர் உற்சாகமாக.

மாசிலாமணி நெம்புகோலை விட்டு ஓரடி தள்ளி நின்றான். குமுதவல்லி கொக்கியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யோசிச்சுச் சொல்றோம்" என்றாள்.

பதினாறு வருடத் தாம்பத்தியம். பெரிய சண்டை என்று எதுவும் இல்லை. அதுதான் இப்போது அவனைப் பயமுறுத்தியது. சண்டை இல்லாததைச் சமாதானம் என்று நினைத்துக்கொண்டிருந்தோமோ? அன்றிலிருந்து அவளைக் கவனிக்க ஆரம்பித்தான். அவள் போனில் பேசும்போது குரலைத் தாழ்த்துகிறாளா? சாப்பிடும்போது ஏன் சன்னலைப் பார்க்கிறாள்? இதெல்லாம் புதிதா, இல்லை எப்போதும் இப்படித்தானா? பதில் சொல்லும் அளவுக்கு அவளை இதுவரை பார்த்ததில்லை என்பது அவனுக்குத் திடுக்கென்று உறைத்தது.

நான்காம் நாள், நீரேற்று நிலையத்தில் அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு ஒத்திகைக்கூடத்துக்குப் போனான். முகப்பில் இருந்த பெண்ணிடம் சீட்டை நீட்டினான்.

"இன்னொரு தடவை ஓட்டிப் பார்க்க முடியுமாங்க?"

"குடும்பத்துல எல்லாரும் வரணும் சார். ஒருத்தர் மட்டும் வந்தா முடியாது." அவள் திரையைப் பார்த்தாள். "முந்தாநாளு உங்க வீட்டம்மாகிட்டயும் இதேதான் சொன்னேன்."

"அவ வந்திருந்தாளா?"

அந்தப் பெண் வாய் தவறிச் சொல்லிவிட்டதை உணர்ந்து, அடுத்தவரை அழைத்தாள்.

வீட்டுக்கு வந்தபோது குமுதவல்லி சமையலறையில் தட்டுமுட்டுச் சாமான்களைப் பிரித்துக்கொண்டிருந்தாள். எடுத்துப் போவது ஒரு குவியல், விட்டுப் போவது ஒரு குவியல். உப்புப் பூத்த சுவரில் சாய்ந்து நின்றான்.

"நீ ஒத்திகைக்கூடத்துக்குப் போனியா?"

அவள் கையிலிருந்த இட்லித் தட்டைக் கீழே வைத்தாள். "நீங்களும் போனீங்களா?"

வாசலில் இதழினி யாருடனோ பந்தாடும் சத்தம் கேட்டது.

"அதுக்கு ஏதோ தெரிஞ்சிருக்குன்னு பயந்தேன்" என்றாள் குமுதவல்லி.

"என்ன தெரிஞ்சிருக்கும்?"

"நீங்க முதல்ல சொல்லுங்க."

அவன் சொன்னான். இரண்டு வருடத்துக்கு முன், நடுக்கடல் ஆய்வு மேடையில் ஐந்து வருட வேலைக்கு விண்ணப்பம் போட்டிருந்தான். குடும்பத்தை அழைத்துப் போக முடியாத வேலை. கிடைக்கவில்லை, அதனால் சொல்லவில்லை. கிடைத்திருந்தால் என்ன சொல்லியிருப்போம் என்று அவனுக்கு இன்றுவரை தெரியாது.

குமுதவல்லி அழவில்லை. எழுந்து போய் இதழினியின் பழைய பள்ளிப் பையிலிருந்து மடித்த தாளொன்றைக் கொண்டுவந்து அவன் கையில் கொடுத்தாள். தனிக்குடும்பப் பதிவுக்கான படிவம். அவள் பெயர், மகள் பெயர்; அவன் பெயர் இல்லை. கையெழுத்துப் போடும் இடம் மட்டும் காலி.

"கொடுக்கணும்னு எழுதலை" என்றாள். "எழுதிப் பார்த்தேன், அவ்வளவுதான். ஒரு ஞாயித்துக்கிழமை நீங்க நாலு மணிநேரம் வீட்டுல இருந்தீங்க, என்கிட்ட ஒரு வார்த்தை பேசலை. நீங்க கோபமாக்கூட இல்லை. அன்னிக்கு எழுதினேன்."

அவனுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை நினைவில்லை. அதைச் சொல்லவும் துணிவில்லை.

"பொறி சொன்னா சொல்லிட்டுப் போகட்டும், குமுதா. நாம பெருமனையே வாங்குவோம். ஒரே வீடு. பிரிக்கவே முடியாது."

"முடியாதுதானே?"

"முடியாது."

அவள் படிவத்தை வாங்கி நான்காகக் கிழித்தாள். இதழினி முரண்டு பிடித்தாள், ஒரு வேளை சாப்பிட மறுத்தாள். "நான் தனியா ரூம் கேட்டேன், அதைத்தான்ப்பா அது சொல்லியிருக்கும்!" என்றாள். இருவரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அடுத்த வாரமே பெருமனை வாசலில் வந்து நின்றது.

அதற்குப் பின் வந்த நாட்களில் அவர்கள் மிகுந்த அக்கறையுடன் நடந்துகொண்டார்கள். தேநீர் போடும்போது மற்றவருக்கும் வேண்டுமா என்று கேட்டார்கள். சாப்பாட்டு மேசையில் தினமும் பேசினார்கள். ஒருவர் மௌனமானால் மற்றவர் "என்ன யோசனை?" என்றார். "ஒண்ணுமில்லை" என்ற பதிலை முன்பு நம்புவார்கள். இப்போது அதைப் பிரித்துப் பார்த்தார்கள். பதினோரு மீட்டர் நீள வீட்டில் முகத்தை மறைத்துக்கொள்ள ஓர் இடமும் இல்லை.

ஐப்பசி மூன்றாம் நாள் புயல் அறிவிப்பு வந்தது. கூடவே தங்கல் ஒதுக்கீடும். நீரேற்று நிலைய ஊழியர்களுக்கு வெள்ளாற்றுக்கு அப்பால் மேல்கரைத் தங்கல். மூன்று நாட்களுக்குள் வேலையில் சேராவிட்டால் அந்த இடம் அடுத்தவருக்கு. நூற்றுக்கணக்கான வீடுகள் வரிசையாக மேற்கே நகர்ந்தன. மாசிலாமணி ஓட்டினான், குமுதவல்லி பக்கத்தில் அமர்ந்து வரைபடம் பார்த்தாள். மழை பொடிப்பொடியாகத் தூறியது. நெடுநாளைக்குப் பிறகு அவன் மனம் லேசாக இருந்தது.

ஆற்றுப் பாலத்துக்கு முன்னால் ஒரு பெண் அதிகாரி சிவப்புக்கொடி காட்டினார்.

"எத்தனை டன்னு?"

"பதினொண்ணு."

"பழைய பாலம் சார். ஒரு வண்டிக்கு ஏழு டன்னுக்கு மேல விடறதில்லை. ஓரங்கட்டுங்க."

அவன் ஓரங்கட்டினான். பின்னால் வந்த வீடு பாலத்தின் முகப்பில் நின்றது. உள்ளேயிருந்து ஒருவர் இறங்கி நெம்புகோலைத் தூக்கினார். வீடு இரண்டானது. முன்பாதியை ஒரு பெண் ஓட்டிக்கொண்டு அக்கரை சேர்ந்தாள். பிறகு அவர் பின்பாதியை ஓட்டிப் போனார். அக்கரையில் கொக்கி மாட்டும் சத்தம் 'டக்' என்று தண்ணீருக்கு மேலே தெளிவாகக் கேட்டது. முழுசாக ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அதற்கடுத்த வீடும் இணைமனை. அதற்கடுத்ததும்.

அதிகாரி சன்னலருகே வந்தார். "உங்களுக்குப் பொறி இணைமனை சொல்லலையா? மேல்கரைக்குப் போற எல்லாருக்கும் அதுதானே சொல்லியிருக்கு. இந்தப் பாலத்தை மனசுல வெச்சுத்தான்."

மாசிலாமணியால் குமுதவல்லியைப் பார்க்க முடியவில்லை.

"பாலம்தானா?" என்றாள் அவள். சிரிப்பது போல ஒரு சத்தம் அவள் தொண்டையிலிருந்து வந்தது. "வெறும் பாலம்தானா?"

கனரக வண்டிகளுக்கு வடமேற்கே தனித் தங்கல் இருப்பதாக அதிகாரி சொன்னார். இருநூற்றெண்பது கிலோமீட்டர். வெள்ளம் வடிந்து வழி திறக்கப் பங்குனி ஆகும். வேலையில் சேர வேண்டியவர் வேண்டுமானால் நடந்து பாலத்தைக் கடக்கலாம்.

"நீங்க போங்க" என்றாள் குமுதவல்லி. "வேலை போயிட்டா தங்கல்ல தண்ணிகூடக் கிடைக்காது. நான் ஓட்டிடுவேன். இவ இருக்கா துணைக்கு."

"அஞ்சு மாசம், குமுதா."

"அஞ்சு மாசம்தானே."

அந்தக் குரலில் வருத்தம் இருக்கிறதா என்று அவன் தேடினான். இருந்தது, உண்மையான வருத்தம். ஆனால் இந்த ஒரு மாதப் பழக்கத்தில் அவனுக்குத் தேடாமல் இருக்க முடியவில்லை. வருத்தத்துக்கு அடியில் வேறொன்றும் தட்டுப்பட்டது. அதை அவன் அடையாளம் கண்டுகொண்டதற்குக் காரணம், அதே ஒன்று தன் நெஞ்சுக்குள்ளும் இருந்ததுதான். யாரும் "என்ன யோசனை?" என்று கேட்காத ஐந்து மாதம்.

இதழினியை அணைத்துக்கொண்டான். அவள் அழுது அவன் சட்டையை நனைத்தாள். பையை எடுத்துக்கொண்டு பாலத்தில் இறங்கினான். கீழே ஆறு செம்மண் நிறத்தில் சுழித்து ஓடியது.

பாதிப் பாலத்தில் திரும்பிப் பார்த்தான். பெருமனை பின்னோக்கி நகர்ந்து திரும்ப முயன்றுகொண்டிருந்தது. இதழினி மழையில் அதன் பின்னால் நின்று, இரு கைகளையும் உயர்த்தி, வா வா என்று வழிகாட்டினாள். ஒரே தடவையில், எதிலும் இடிக்காமல், வீடு அழகாகத் திரும்பிக்கொண்டது.

முதல் தடவையே குமுதா இவ்வளவு நன்றாக ஓட்டுகிறாளே என்று அவனுக்கு வியப்பாக இருந்தது. பிறகு, எங்கே எப்போது ஓட்டிப் பழகினாள் என்ற யோசனை வந்தது. அந்த யோசனையோடு அவன் அக்கரையை நோக்கி நடந்தான்.