‘வேண்…’ என்று நின்ற பொத்தான்கள்

காலை ஆறு மணிக்குச் சமையல்சுவர் திறந்து இரண்டு டம்ளர் காப்பியை நீட்டியது. சண்பகவல்லிக்கு அரைச் சர்க்கரை, அவள் கணவர் பிரமநாயகத்துக்கு ஒன்றரை. யாரும் கேட்கவில்லை, யாரும் சொல்லவுமில்லை. செவ்வாய்க்கிழமை என்பதால் மதியத்துக்குச் சுண்டைக்காய் வத்தக்குழம்பு என்று சுவரே முடிவு செய்து, புளியையும் ஊறப்போட்டுவிட்டது.

தூத்துக்குடியில் மட்டுமா, ஊர் உலகமெல்லாம் இப்போது இப்படித்தான். ஆளுக்கொரு முன்னுணரி. பிறந்த அன்றே காதுக்குப் பின்னால் கடுகளவில் பதித்துவிடுவார்கள். நமக்கு என்ன தேவை என்று நாம் நினைப்பதற்குள் அது கண்டுபிடித்துக் கொண்டுவந்து வைத்துவிடும். அதனால் ஒருவரைப் பார்த்து ‘வேணுமா?’ என்று கேட்பதே மரியாதைக் குறைவாகிப் போனது. கேட்டால், இத்தனை நாள் பழகியும் என்னைத் தெரியாதா என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். இவர்கள் கல்யாணமே முன்னுணரிகள் இரண்டும் தங்களுக்குள் பேசி முடித்ததுதான். தொண்ணூற்றேழு விழுக்காடு பொருத்தம் என்றது. மண்டபத்துக்கு வரச்சொல்லித் தகவல் வந்தது, இருவரும் போனார்கள். இருபத்தாறு வருஷம் ஓடிவிட்டது.

நான்கு மாதத்துக்கு முன் பிரமநாயகத்துக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சு போயிற்று, வலது கை போயிற்று. புத்தியும் குறும்பும் அப்படியே இருந்தன. ஆனால் அவருடைய முன்னுணரி, ‘கொடைக்கானல் பராமரிப்பு இல்லத்துக்குப் போக விரும்புகிறார், தொண்ணூற்றிரண்டு விழுக்காடு’ என்று மேலிடத்துக்கு எழுதிவிட்டது. நல்லா இருந்த காலத்தில் மனுஷன் வாய்க்கு வாய், “நான் யாருக்கும் பாரமா இருக்கக் கூடாது” என்பார். பாவி எந்திரம் அதை எழுத்துக்கு எழுத்து நம்பிவிட்டது. இன்று பன்னிரண்டு மணிக்கு வண்டி வரும்.

தடுக்க ஒரே வழி, அவரே தன் வாக்கைச் சொல்ல வேண்டும். எந்திரம் எழுதும் செயலி எல்லாம் முன்னுணரி வழியாகத்தான் போகும்; அவர் ஒன்றை அழுத்தினால் அது ‘திருத்தி’ வேறொன்றைச் சொல்லும். வெறும் தலையாட்டலும் செல்லாது; ஆகவே சட்டம் கைநிரலை மட்டும் ஒத்துக்கொண்டது. அதாவது ஒவ்வொரு வரியையும் மனிதக் கையே தட்டிய செயலி. உலகத்தில் அதைச் செய்ய எத்தனை பேர் மிச்சம்? கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் வால்வு மேற்பார்வை பார்க்கும் சண்பகவல்லி, ஆவணக் காப்பகத்தில் கிடந்த பழைய பாடத்தைத் தோண்டி எடுத்து, மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு தன் வாழ்க்கையின் முதல் செயலியை எழுதினாள். மேலே கேள்வி. கீழே இரண்டு பொத்தான்கள். அவ்வளவுதான்.

ஒன்பதரைக்கு அந்த வாக்கைப் பதிய நல ஆய்வாளர் தில்லைநாதன் வந்தார். ஒல்லியான, சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டிருந்த மனிதர். சண்பகவல்லி தன் கைபேசியிலிருந்து செயலியைக் கணவரின் கைபேசிக்கு ஏற்றி அவர் இடது கையருகே வைத்தாள். ‘கொடைக்கானல் போக வேண்டுமா?’ என்று திரையில் வந்தது. பிரமநாயகம் உற்றுப் பார்த்தார், புருவத்தைச் சுருக்கினார், கடைசியில் வலப்பக்கப் பொத்தானை அழுத்தினார்.

“பாத்தீங்களா! வேண்டாம்ங்கிறார்!” என்று குதித்தாள் சண்பகவல்லி.

தில்லைநாதன் குனிந்து பார்த்தார். “ரெண்டு பொத்தான்லயும் ஒண்ணேதாம்மா எழுதியிருக்கு.”

அவளுக்குச் சுருக்கென்றது. இடப்பக்கம் ‘வேண்…’. வலப்பக்கமும் ‘வேண்…’. வேண்டும், வேண்டாம் என்ற இரண்டு சொல்லும் ஒரே இடத்தில் கழுத்தறுபட்டுக் கிடந்தன.

“வலது பக்கம்தான் சார் வேண்டாம். நான்தானே எழுதினேன், எனக்குத் தெரியாதா? அவர் மனசும் எனக்குத் தெரியும்.”

“அப்ப நீங்களும் கணிச்சுத்தான் சொல்றீங்க. அதுக்கு முன்னுணரியே போதுமே.” அவர் குத்தலாகச் சொல்லவில்லை, ஆனாலும் குத்தியது. “பன்னிரண்டு வரைக்கும் இருக்கேன். சரிசெய்ங்க.”

அவள் நிரலைத் திறந்து உட்கார்ந்தாள். பொத்தானின் அகலம் என்ற இடத்தில் நூறு என்று எண்ணாகவே எழுதியிருந்தாள். அவளுடைய அகலத் திரையில் அது கனகச்சிதமாகப் பொருந்தியது. அவருடையதோ குறுகல் திரை. கண் மங்கல் என்று எழுத்தை வேறு பெரிதாக்கி வைத்திருந்தார். நூற்றை இருநூறாக்கினாள். முதல் பொத்தான் முழுசாக வந்தது, இரண்டாவது திரையை விட்டே ஓடிப்போனது. “அட சனியனே!” எழுத்தைச் சிறிதாக்கினாள். இரண்டும் வந்தன, ஆனால் அவர் கண்ணை இடுக்கிவிட்டுத் தலையை ஆட்டினார். ஒன்றின் கீழ் ஒன்றாக அடுக்கினாள். கீழே இருந்த ‘வேண்டாம்’ கைபேசியின் அடிப்பட்டைக்குப் பின்னால் பாதி ஒளிந்துகொண்டது. மணி பதினொன்று.

அப்போதுதான் அந்த நினைப்பு வந்தது. ஒரு வேளை அவர் நிஜமாகவே போக ஆசைப்பட்டால்? எதை அழுத்தினாலும் ‘வேண்டாம்’ என்றே பதிலைக் காட்டும்படி ஒரு வரியை மாற்றினால் போதும். தில்லைநாதனுக்கு நிரல் படிக்கத் தெரியாது. யாருக்குமே தெரியாது. விரல் அந்த வரியில் போய் நின்றது. பிரமநாயகம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த எந்திரம் செய்கிற வேலையைத்தானே நானும் செய்யப் பார்க்கிறேன், சீ, என்று தன்னையே திட்டிக்கொண்டு விரலை எடுத்தாள்.

அகலத்தில் எண்ணையே அழித்துவிட்டு, ‘திரை எவ்வளவோ அவ்வளவு’ என்று எழுதினாள். அடியில் கொஞ்சம் இடம் விட்டாள். கைபேசியில் ‘வேண்டும்’ மேலே, ‘வேண்டாம்’ கீழே, இரண்டும் கைகால் முளைத்த மாதிரி முழுசாக நின்றன.

“முதல்ல பதில் தெரிஞ்ச கேள்வி ஒண்ணு போடுங்க, சோதிக்கணும்” என்றார் தில்லைநாதன்.

அவளுக்குச் சட்டென்று தோன்றியது அன்றைய சமையல்தான். “ஏங்க, வத்தக்குழம்பு வேணுமா?”

பிரமநாயகம் ‘வேண்டாம்’ என்பதை அழுத்தினார்.

தில்லைநாதன் தன் பலகையைப் பார்த்தார். “தொண்ணூத்தொன்பது விழுக்காடு பிடிக்கும்னு இருக்கே. உங்க செயலிதான் தப்பு.”

“இல்ல சார், இருங்க. ஏங்க, கல்யாணமாகி மறுநாள் என் கையால வச்சேன். ரெண்டாந்தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டீங்களே! மரியாதைக்கா சாப்பிட்டீங்க?”

அவருடைய முகத்தில் ஒரு பாதி சிரித்தது. விரல் ‘வேண்டாம்’ மேல் டக் டக்கென்று மூன்று முறை விழுந்தது.

“அடப்பாவி மனுஷா! எனக்கே அந்தக் குழம்பு ஆகாது. உங்களுக்குப் பிடிக்குதேன்னு இருபத்தாறு வருஷமா நானும் தின்னேனே!”

தில்லைநாதனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, கெட்ட வார்த்தை சொல்லப் போகிறவர் போல் கூச்சத்தோடு குனிந்தார். “மன்னிக்கணும் ஐயா… தண்ணி வேணுமா?” ‘வேண்டும்’ என்று வந்தது. கொடுத்ததைப் பிரமநாயகம் மிச்சமில்லாமல் குடித்தார். இன்னும் வேணுமா என்றதற்கு ‘வேண்டாம்’ என்று அழுத்திவிட்டு வாயையும் மூடிக்கொண்டார். செயலியில் தப்பில்லை என்று ஆய்வாளர் குறித்துக்கொண்டார். “அப்ப, பாரமா இருக்கக் கூடாதுன்னு இவர் சொன்னதும்கூட…” என்று இழுத்தார். “சரி, கேளுங்க.”

வாசலில் வண்டி வந்து நின்றது. சண்பகவல்லி கட்டிலருகே உட்கார்ந்தாள். “எனக்காகப் பாக்காதீங்க. எதுவானாலும் சரி. கொடைக்கானல் போக வேணுமா?”

அவர் உடனே அழுத்தவில்லை. விரல் மேலே போயிற்று, அங்கே கொஞ்சம் நின்றது. பிறகு விரல் கீழே இறங்கி ‘வேண்டாம்’ மேல் விழுந்து, எடுக்கப்படாமல் அங்கேயே இருந்தது.

தில்லைநாதன் கையெழுத்துப் போட்டார். வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டு, அவளைப் பார்த்துக் கும்பிட்டுப் போனார்.

சண்பகவல்லி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகும் எழுந்திருக்கவில்லை. இன்னொரு கேள்வி மிச்சமிருந்தது. “என்னைக் கட்டிக்கிறதைப் பத்தியும் அன்னைக்கு உங்ககிட்ட யாரும் கேக்கலையே” என்றாள். “நான் வேணுமா?”

இந்த முறை அவர் யோசிக்கவே இல்லை. ‘வேண்டும்.’

பிறகு இடது கையால் கைபேசியை மெல்ல மெல்லத் திருப்பி, போர்வை மேல் அவள் பக்கமாகத் தள்ளினார். இரண்டு பொத்தான்களும் இப்போது அவளைப் பார்த்து நின்றன. ஐம்பத்திரண்டு வயதாகியும், இதுவரை ஒருவரும் அவளை ‘வேணுமா?’ என்று கேட்டதில்லை.

“இருங்க, யோசிச்சுத்தான் சொல்லுவேன்” என்றாள், அழுகையும் சிரிப்புமாக.

அவர் காத்திருந்தார்.