விமர்சகரின் உள்ளங்கால்

சனிக்கிழமை நான்கு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கையில், விமர்சகர் அறவாழி இரண்டு கால்களையும் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து சோபாவில் சாய்ந்தார். வலது காலை மனைவி குமுதவல்லியின் மடியில் நீட்டினார். அவள் சீப்பைக் கையில் எடுத்துக்கொண்டாள். தென்முகடு நிலாக் குடியிருப்பில் விமர்சனம் எழுதிப் பிழைக்கிற மற்றவர்கள் வீட்டில் எப்படியோ தெரியாது. அறவாழி வீட்டில் நான்கு வருடமாக இதுதான் ஏற்பாடு.

காரணம், நகைமானி. காதுக்குப் பின்னால் தோலுக்கு அடியில் அரிசி அளவில் புதைத்திருக்கும் கருவி அது. வயிற்றுத் தசையின் குலுக்கலையும் மூச்சு வெட்டி வெட்டி வருவதையும் நரம்பு வழியே கேட்டு, ஆள் எவ்வளவு சிரித்தான் என்று பத்துக்கு இத்தனை என அளவு சொல்லிவிடும். பார்க்காத நிகழ்ச்சியை ஆகா ஓகோ என்று புகழ்ந்தும், விழுந்து விழுந்து சிரித்த நிகழ்ச்சியைக் குப்பை என்று தூற்றியும் விமர்சகர்கள் எழுதித் தள்ளிய காலம் ஒன்று இருந்தது. அந்தக் கூத்துக்கு முடிவு கட்டத்தான் நிர்வாகம் நகைமானியைக் கொண்டுவந்தது. விமர்சனத்தின் தலையில் அளவு இருக்க வேண்டும். அளவும் எழுத்தும் ஒத்துப்போக வேண்டும். இல்லாவிட்டால் பதிப்பி என்கிற இயந்திர ஆசிரியர் திருப்பி அனுப்பிவிடும்.

அறவாழிக்குச் சிரிப்பு நின்று நான்கு வருடம் ஆகியிருந்தது. ஏன் என்று மருத்துவருக்கும் தெரியவில்லை. நகைச்சுவை விமர்சகருக்குச் சிரிப்பு வராது என்று வெளியே தெரிந்தால் உரிமம் போய்விடும். ஆனால் உள்ளங்காலில் சீப்பை ஓட்டினால் மட்டும் கெக்கெக்கே என்று வந்தது. நகைமானிக்கு நகைச்சுவைக்கும் கிச்சுக்கிச்சுக்கும் வித்தியாசம் தெரியாது. எந்த இடத்தில் சிரிக்கலாம் என்று அவர் கண்ணைக் காட்டுவார், அவள் சீப்பை ஓட்டுவாள். உலகத்தில் இரண்டே பேருக்குத் தெரிந்த ரகசியம்.

அவருடைய விமர்சனத்துக்கு நாற்பதாயிரம் பேர் கொண்ட குடியிருப்பில் முப்பதாயிரம் வாசகர்கள். விமர்சனத்துக்காக அல்ல. ஒவ்வொரு வாரமும் அவர் தம் வீட்டுக் கதை ஒன்றோடு ஆரம்பிப்பார். அதில் குமுதவல்லிக்கு ‘உள்துறை’ என்று பெயர். உள்துறை உப்புமாவைக் கருக்கியது, உள்துறை சொந்தக் கதவின் குறியீட்டை மறந்து வெளியே நின்றது, உள்துறையின் குறட்டையில் குவிமாடம் அதிர்ந்தது. பதினோரு வருடமாக, வாரம் தவறாமல். அவள் என்னவோ குவிமாடத்தின் ஏழாம் கதவில் காற்றுக்கசிவுப் பரிசோதகர். நானூறு பேருடைய மூச்சுக்குப் பொறுப்பு. அது சுவையாக இல்லாததால் அவர் எழுதியதில்லை.

நான்கு மணிக்குச் ‘சனிக் கூத்து’ ஆரம்பித்தது. முன்கூட்டியே பதிவு செய்வது கிடையாது, வெட்டு ஒட்டு கிடையாது. நடிகன் வசனத்தை மறந்தால் மறந்ததுதான். முதல் துணுக்கில் ஓர் இயந்திரப் புரோகிதர் கல்யாணத்தின் நடுவே தன்னைப் புதுப்பித்துக்கொள்ள உட்கார்ந்துவிட, மாப்பிள்ளை கையில் தாலியோடு முக்கால் மணி நேரம் நின்றார். ‘யோசனை நல்லது, நீளம் அதிகம்’ என்று அறவாழி மனதுக்குள் எழுதிக்கொண்டு கண்ணைக் காட்டினார். சீப்பு ஓடியது. இரண்டாவதில் பூமியிலிருந்து வந்த மாமனார் துள்ளி எழுந்து விட்டத்தில் தலையை இடித்துக்கொண்டார். பழைய சரக்கு. அதற்குச் சீப்பு வேண்டாம் என்று காலை அசைத்தார்.

மூன்றாவது துணுக்கில் திரை விலகியதும் ஒரு சோபா தெரிந்தது. அதில் ஒருவர் வலது காலை மனைவி மடியில் நீட்டிப் படுத்திருந்தார். மனைவி கையில் சீப்பு.

அறவாழி காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தார். ஆனால் குமுதவல்லி கணுக்காலை இறுக்கிப் பிடித்திருந்தாள், சீப்பும் ஓட ஆரம்பித்திருந்தது. திரையில் அந்த ஆள், “போடு, போடு, நகைச்சுவை வருது” என்று மனைவியை விரட்டினார். மனைவி கொட்டாவி விட்டதில் ஒரு வினாடி தாமதமாகிவிட, அவர் சோகக் காட்சியில் கெக்கலி கொட்டினார். அரங்கமே ஆர்ப்பரித்தது. அறவாழி அவமானத்தில் கண்ணீர் வழிய, சோபாவில் புரண்டு, மூச்சு முட்டச் சிரித்தார். துணுக்கு முடிந்து சீப்பும் நின்றபோது நகைமானி அளவைச் சொன்னது. ஒன்பது புள்ளி ஆறு. அவர் வாழ்நாளில் எட்டாத அளவு.

மூச்சு வந்ததும் கேட்டார். “குமுதா, நீ சொன்னியா?”

“நான்தான் சொன்னேன்.” சீப்பைப் பக்கத்தில் வைத்தாள்.

அவள் மறுப்பாள் என்று எதிர்பார்த்திருந்தார். “கட்டின புருஷனை ஊர் சிரிக்க வெச்சிட்டியே. இருபது வருஷம் ஒண்ணா இருந்ததுக்கு இதுதானா? எப்படி மனசு வந்துச்சு உனக்கு?”

“சனிக் கூத்துக்காரங்க வந்து, ‘உங்க பக்கத்துக் கதை ஏதாவது இருக்கா’ன்னு கேட்டாங்க. இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லை. ஒண்ணே ஒண்ணு சொன்னேன்.”

“நான் எழுதுறது சும்மா தமாஷு. இது துரோகம்.”

குமுதவல்லி அவர் பக்கம் திரும்பினாள். “போன மாசம் எழுதினீங்களே, குக்கர் விசிலைக் கேட்டுட்டு, காத்து கசியுதுன்னு நான் வீட்டையே காலி பண்ணினேன்னு.”

“அதுக்கென்ன இப்போ?”

“அது நடக்கவே இல்லை. ஆனா எல்லாரும் படிச்சாங்க. அந்த வாரம் ஏழாம் கதவுல நிஜமாவே கசிஞ்சுது. ஒலிபெருக்கில கத்தினேன், உடனே அந்த இடத்தை விட்டுப் போங்கன்னு. ‘உள்துறை அக்கா, குக்கரை இறக்குங்க’ன்னு சொல்லிச் சிரிச்சாங்க. ரெண்டு நிமிஷம் யாரும் நகரலை. வீரபாகுன்னு ஒருத்தர் கசிவுக்குப் பக்கத்துல நின்னுட்டிருந்தார். ரெண்டு காதும் போயிடுச்சு.”

அறவாழி மெல்ல எழுந்து உட்கார்ந்தார்.

“இருபது நாளா என்னை வேலையிலேர்ந்து எடுத்துக் கிடங்குல உட்கார வெச்சிருக்காங்க. கசிவு நேரத்துல நான் தூங்கிட்டேன்னு வீரபாகு சம்சாரம் நினைச்சுக்கிட்டிருக்கு. உங்க வீட்டுக்காரர் சிரிச்சுக்கிட்டு நின்னார்னு எப்படிப் போய்ச் சொல்றது? ஆனா சொல்லித்தான் ஆகணும். பக்கத்துல உட்கார்ந்து நானே சொல்லணும். இப்ப அங்கதான் போறேன்.” செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். “ஒண்ணு கேட்கிறேன். இதை மட்டும் எழுதாதீங்க.”

“சத்தியமா எழுத மாட்டேன்” என்றார் அறவாழி. அவர் அழுதது உண்மை. அதைச் சொல்லாமல் விடக் கூடாது. வீரபாகுவின் வீடு நடந்தால் முக்கால் மணி தூரம். அவள் போவதை ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வந்து எழுத உட்கார்ந்தார்.

முதலில் சனிக் கூத்தை நார் நாராகக் கிழித்து எழுதினார். தனிமனிதரின் அந்தரங்கத்தை விற்றுச் சிரிப்பு வாங்குவது ஒரு பிழைப்பா என்று கேட்டார். பதிப்பி திருப்பி அனுப்பியது.

“ஐயா, அளவு ஒன்பது புள்ளி ஆறு. எழுத்து பொருந்தவில்லை. மேலும், மூன்றாவது துணுக்கில் வருபவர் தாங்கள்தானா என்று நாலாயிரம் பேர் கேட்டிருக்கிறார்கள். உரிமக் குழுவும் கேட்டிருக்கிறது.”

அடுத்து நிகழ்ச்சியை அடக்கமாகப் பாராட்டி, வீட்டுக் கதையே இல்லாமல் நாலு பத்தி எழுதினார். பதிப்பி ஏற்றுக்கொண்டது, எதிர்பார்க்கும் வாசகர்கள் முந்நூறு பேர் என்றது. முந்நூறா என்று இரண்டு முறை கேட்டார். முந்நூறுதான்.

அறவாழி எழுந்து அறைக்குள் நடந்தார். தாம் செய்தது தவறு என்று அவருக்கு உண்மையாகவே உறைத்திருந்தது. தவறு செய்தவன் மன்னிப்புக் கேட்க வேண்டாமா? ஊரறியச் செய்த தவறுக்கு மூலையில் நின்று மன்னிப்புக் கேட்டால் அது மன்னிப்பாகுமா? என்ன நடந்தது என்று தெரியாமல் வாசகர்கள் எப்படி அவரை மன்னிப்பார்கள்? குமுதவல்லி எழுதாதே என்றது கேலியாக எழுதாதே என்ற அர்த்தத்தில்தான் இருக்க வேண்டும். இதில் கேலி ஒரு வரி இல்லையே.

உட்கார்ந்து, ‘இன்று என் உள்துறை அழுதது’ என்று ஆரம்பித்தார். எதிர்பார்க்கும் வாசகர் எண்ணிக்கை பதினெட்டாயிரத்துக்குத் தாவியது. ஏழாம் கதவையும் ஒலிபெருக்கியையும் எழுதினார், இருபத்தேழாயிரம். வீரபாகு சிரித்துக்கொண்டு நின்ற இடத்தை எழுதும்போது அவர் கண்ணீர் விசைப்பலகையில் சொட்டியது. கண்ணைத் திறந்துவிட்ட சனிக் கூத்துக்கு நன்றி சொல்லி, தலையில் அளவு ஒன்பது புள்ளி ஆறு என்று போட்டு அனுப்பினார். பொருத்தம் நூற்றுக்கு நூறு என்றது பதிப்பி.

கால் மணி நேரத்தில் குடியிருப்பில் பாதிப் பேர் படித்துவிட்டார்கள். இப்படி ஒரு புருஷன் கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று பெண்கள் எழுதினார்கள். நானும் இன்றே என் மனைவியிடம் மன்னிப்புக் கேட்பேன் என்று ஒருவர் தம் மனைவியின் படத்தோடு போட்டிருந்தார். சீப்பைப் பற்றி யாருமே பேசவில்லை. ஒரு மனிதனின் கண்ணீருக்கு முன்னால் நாங்கள் கேள்வி கேட்கத் தகுதியற்றவர்கள் என்று உரிமக் குழு விசாரணையைக் கைவிட்டது. அறவாழி அவற்றில் நல்லதாக நாற்பதைப் பொறுக்கி, அவள் வந்ததும் காட்ட எடுத்துவைத்தார்.

ஆறரைக்கு அவளிடமிருந்து தகவல் வந்தது.

“நான் போறதுக்குள்ள அவங்க படிச்சு முடிச்சிருந்தாங்க. கதவைத் திறக்கலை. நான் அக்கா வீட்டுக்குப் போறேன். இனிமே அங்கதான். தேடிக்கிட்டு வராதீங்க.”

அதை மூன்று முறை படித்தார். இருபது வருடம் கூட வாழ்ந்தவள், நேரில் வந்து ஒரு வார்த்தை சொல்லாமல், எழுத்தில் நாலு வரி அனுப்பிவிட்டுப் போய்விட்டாளே. ஊரே உருகிக்கொண்டிருக்கிற நாளில் இப்படிச் செய்ய எப்படி மனது வந்தது? சனிக் கூத்தில் நடந்ததைவிட இது பெரிய துரோகம் என்று பட்டது. நாற்பதாயிரம் பேர் இருந்தும் தமக்கென்று யாரும் இல்லை என்று நினைத்தபோது மறுபடியும் அழுகை வந்தது. அழுது முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு விசைப்பலகையை இழுத்தார். இவ்வளவு தூரம் கூட வந்த வாசகர்களிடம் இதை மறைப்பது நியாயமாகாது என்று அவருக்குத் தோன்றியது.