பூஜைக்கு அணைத்த கேமரா

பட்டாபிராமில் மூன்றாவது மாடி வரை படியேறி வந்த ராணி, கதவு திறந்ததும் மூச்சு வாங்கக்கூட நிற்கவில்லை.

"பிரியாம்மா, என் வேலையே பூட்ச்சு! நான் வெச்ச குங்குமத்தாலதான் கேமரா செத்துப்போச்சாம். நாளைலேர்ந்து வராதன்னுட்டாரு மொதலாளி."

தண்ணீர் பாட்டிலின் மூடி சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் கேமராக்களைச் செய்கிற சின்னக் கம்பெனி, அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இருக்கிறது. ராணிக்கு அங்கே துப்புரவு வேலை. ஆயுத பூஜைக்கு எல்லா மிஷின்களையும் அணைத்து, துடைத்து, பொட்டு வைத்தவள் அவள்தான். விடுமுறை முடிந்து வந்து போட்டால், சோதனை மேஜைக் கேமராவில் படமே வரவில்லை.

கிருஷ்ணப்பிரியா இந்த மாதிரி படுத்துவிட்ட சாதனங்களை எழுப்பிவிடுவதில் பேர் வாங்கியவள். அவசரப்படவே தெரியாது. வீட்டுக்கு வேண்டிய அவசரம் முழுவதும் அவள் கணவன் சரணிடம் இருந்தது.

"குங்குமம் உள்ளே கொட்டி ஷார்ட் ஆகியிருக்கும். கேஸ் முடிஞ்சுது" என்றான் சரண், சட்டையை மாட்டிக்கொண்டே.

"நீ ராணிக்கா பக்கமா, எதிர்ப்பக்கமா?" என்றாள் பிரியா. மூவரும் ரயிலைப் பிடித்தார்கள்.

முதலாளி கோதண்டம் கொதித்துக்கொண்டிருந்தார். "பாக்கறதுக்கு இன்னா கீது? நல்லா ஓடிக்கினு இருந்துது. இந்தம்மா தொட்டுச்சு, பூட்ச்சு. மத்தியானம் கேமரா வாங்கற பார்ட்டி வர்றான், நான் இன்னாத்த காட்றது?"

பிரியா நேரே சோதனை மேஜைக்குப் போனாள். கேமராப் பெட்டியின் மூடி மேல்தான் பொட்டு இருந்தது. திறந்து பார்த்தாள், உள்ளே ஒரு தூசு இல்லை. சுவரில் சுவிட்சுக்கு மேலே 'அணைக்காதீர்' என்று எழுதிய டேப் பாதி உரிந்து தொங்கியது. அது ஒட்டியிருந்த இடம் மட்டும் வெள்ளை வெளேர் என்றிருக்க, சுற்றிலும் அழுக்கு.

"இதை உரிச்சுட்டா அணைச்சீங்க?"

"ஆமாம்மா. பூஜையன்னிக்காவது மிஷினுக்கு ரெஸ்ட் வோணாமா?"

புரோகிராம் எழுதும் ரோஷினி முகம் வாடி நின்றிருந்தாள். "பெட்டி பிரிக்காத புதுக் கேமராவைக்கூட மாட்டிப் பார்த்தேன் மேடம். அதுலயும் கறுப்புதான்."

"அப்ப கேமராவை மாட்டற சர்க்யூட் போர்டுதான் எரிஞ்சுபோச்சு!" என்றான் சரண்.

"டிரைவர் யார் எழுதினது?" என்று கேட்டாள் பிரியா. கேமராவை எழுப்பி வேலை வாங்கும் புரோகிராமுக்குத்தான் அந்தப் பெயர்.

"முதல்ல அஜித்குமார்னு ஒருத்தர். அவர் வேலையை விட்டதும் நான் புதுசா எழுதினேன். பழசை இறக்கிட்டு என்னோடதை ஏத்தினேன். பூஜை வரைக்கும் சூப்பரா ஓடுச்சு."

"அந்தப் பழசு இருக்கா? ஏத்துங்க."

படம் வந்தது. கோதண்டம் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார்.

"இப்ப அதை இறக்கிட்டு உங்களோடதை."

அதிலும் படம் வந்தது! சரணுக்கு வாயே மூடவில்லை.

"ராணிக்கா, அணைச்சுப் போடுங்க."

அணைத்துப் போட்டாள் ராணி. ரோஷினி தன் டிரைவரை மறுபடி ஏற்றினாள். திரை கறுத்தது.

"கேமராவுக்குள்ள படம் பிடிக்கற சென்சார் எழுந்திருக்க ஒரு வரிசை இருக்கு" என்றாள் பிரியா. "முதல்ல கரண்ட். அடுத்தது கிளாக், அதாவது போர்டுலேர்ந்து சென்சாருக்குத் தாளம் போடற துடிப்பு. கடைசியா, அதுவரைக்கும் அதை அமுக்கி வெச்சிருக்கற ரீசெட்டை விடணும். அஜித்குமாரோட டிரைவர் கிளாக்கைப் போட்டுது, இறக்கும்போது நிறுத்தலை. ரோஷினியோடது போடவே இல்லை. லைட் எரியற ரூமுக்குள்ள வர்றவங்க சுவிட்சைத் தேடுவாங்களா? கரண்ட் போகாத வரைக்கும் ரெண்டு தப்பும் ஒண்ணையொண்ணு மறைச்சுக்கிட்டு இருந்துச்சு."

"அப்ப குற்றவாளிங்க ரெண்டு பேர்!" என்றான் சரண்.

"மூணு. அந்த டேப்பை ஒட்டினது யாரு?"

கோதண்டம் தொண்டையைக் கனைத்தார். "நான்தான்மா. சும்மா சும்மா ஆஃப் பண்ணி ஆன் பண்ணா லேட் ஆவுதேன்னு..."

ரோஷினி விட்டுப்போன வரிகளைச் சேர்த்தாள்: எழுப்பும்போது கிளாக்கைப் போட, முடிக்கும்போது நிறுத்த. ராணி அணைத்துப் போட்டுவிட்டு, என்ன ஆகுமோ என்று கேமராவுக்குள்ளேயே குனிந்து பார்த்தாள். திரை முழுக்க அவள் முகம் வந்தது. கூடம் சிரிப்பில் அதிர்ந்தது. ராணிக்கு மட்டும் கண் நிறைந்துவிட்டது.

கோதண்டம் சுவரருகே போய், தொங்கிய டேப்பைத் தானே பிய்த்துத் தரையில் போட்டார். "தப்பா பேசிட்டேன் ராணி, மனசுல வெச்சுக்காத. இனிமே தெனமும் ஊட்டுக்குக் கெளம்பசொல்ல நீயே ஆஃப் பண்ணிட்டுப் போ. காலைல படம் வரலன்னா நீ இந்த ரோஷினியைக் கேளு."

"அது கேக்கறேன் சார்" என்று துடைப்பத்தை எடுத்தாள் ராணி. "மொதல்ல அந்த டேப்பை எடுத்துக் குப்பைத்தொட்டில போடுங்க. இப்பத்தான் பெருக்கப் போறேன்."