நிலைக்கட்டையில் செய்த மேசை

பங்குனி மாதத்து வியாழக்கிழமை ஒன்றில், வெயில் தாழ்ந்த பிறகு, வில்லாபுரத்தில் ராகேஷ் கட்டிய புது வீட்டு வாசலில் அந்த மேசை லோடு ஆட்டோவில் வந்து இறங்கியது.

சுவரோரம் போடுகிற ஒல்லியான மேசை. கன்சோல் டேபிள் என்று ராகேஷ் வாய் நிறையச் சொல்வான். தன்னிடம் சுங்குடிச் சேலை வாங்குகிற பெங்களூர்க்காரர் வீட்டில் ஒன்றைப் பார்த்து வந்ததிலிருந்து அவனுக்கு வேறு நினைப்பே இல்லை. அவன் மனைவி வித்யாஸ்ரீ போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: பிளைவுட் மட்டும் வேண்டாம். பழைய வீட்டில் அவளுடைய சீர் அலமாரியை மழைத்தண்ணீர் ஊறிய அப்பளமாக்கியிருந்தது. அதனால் இடித்த வீட்டு மரங்களை விற்கும் பேயாண்டியின் கடையில் அரை நாள் அலைந்து, தட்டிப் பார்த்து, தூக்கிப் பார்த்து, முழுத் தேக்கில் இதைத் தேர்ந்தெடுத்தார்கள்.

பேயாண்டியே கூட வந்து இறக்கினார்.

"பழைய வீட்டு நிலைக்கட்டைம்மா. வாசல் நிலையோட ரெண்டு பக்கமும் காலாச்சு, மேல்கட்டை பலகையாச்சு. எம்புட்டு வருசமானாலும் அசையாது. சுவத்தை ஒட்டிப் போடாதீக, ரெண்டு விரக்கடை விடுங்க. ஈரத்துணி ஆகாது. எப்பவாச்சும் ஆளிவிதை எண்ணெய தேய்ச்சா போதும்." கிளம்பும்போது திரும்பி நின்றார். "எண்ணெய தவிர வேற எதுவும் பூசிறாதீகம்மா."

வார்னிஷைத்தான் சொல்கிறார் என்று வித்யாஸ்ரீ நினைத்துக்கொண்டாள்.

ஹாலின் பின்சுவரோரம் மேசையைப் போட்டு, மேலே டெலிபோனை வைத்தார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் கருவேலம் மண்டிய காலி மனை. மேசைக்கு அடியில் நான்கு வயது இந்துப்ரியா அன்றைக்கே குடியேறிவிட்டாள். ஒன்பது வருஷம் ஏறாத கோயில் ஏறிப் பெற்ற ஒற்றைப் பிள்ளை. அவள் கொஞ்சநேரம் கண்ணில் படாவிட்டால் வித்யாஸ்ரீ வீடு முழுக்கத் தேடத் தொடங்கிவிடுவாள்.

மறுநாள் வெள்ளி. மேசையைத் துடைத்தபோது கால்களின் ரேகைகளுக்குள் பழைய மஞ்சள் தெரிந்தது. வித்யாஸ்ரீக்கு மனசு உறுத்தியது. மேசையானாலும் நிலை நிலைதானே? வெள்ளிக்கிழமை நிலையை வெறுமனே விட்டு அவளுக்குப் பழக்கமில்லை. முன்கால் இரண்டிலும் மஞ்சள் பூசி, குங்குமப் பொட்டு வைத்து, கீழே சின்னதாக ஒரு கோலமும் போட்டாள். எழுந்து நின்று பார்த்தபோது அது மேசையாகவே தெரியவில்லை. குழந்தை உயரத்துக்கு ஒரு வாசல் போலிருந்தது. அழகாகத்தான் இருக்கிறது என்று நினைத்தாள், பாவம்.

உச்சி வெயிலில் கரண்ட் போனது. மின்விசிறி நின்றதும் தெருவே அடங்கியது. மேசைக்குப் பின்னாலிருந்து குளிர்ந்த காற்று வந்தது. ஈர மண்ணும் சிம்னி விளக்குப் புகையும் கலந்த வாசனை.

இந்து மேசைக்கடியில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

பிறகு சுவருக்குள்ளிருந்து, மிக மெதுவாக, ஒரு பெண் குரல்.

"பிள்ளை முழிச்சிருச்சா?"

வித்யாஸ்ரீ மேசைக்கடியில் பாய்ந்தாள். குழந்தையை இழுத்துத் தன் பின்னால் நிறுத்திக்கொண்டு, டெலிபோனை எடுத்துப் பேயாண்டியைக் கூப்பிட்டாள்.

"மஞ்ச பூசுனீகளா?" என்றார் அவர், எடுத்த எடுப்பில்.

"ஆமாண்ணே. என்னண்ணே இது? யாரோ பேசுறாங்க."

அவர் பெருமூச்சு விட்டார். "அந்த வீட்டுப் பொண்ணு ஜெயக்கொடி. ஒரு உச்சி நேரத்துல பிள்ளையத் தூங்கப் போட்டுட்டுத் தண்ணிக்குப் போனது, திரும்பவே இல்ல. அது வரணும்னு வீட்டாளுக வெள்ளிக்கு வெள்ளி நிலைக்கு மஞ்ச பூசுனாக. பூசிக்கிட்டிருந்த வரைக்கும் வாசல்ல குரல் கேக்குமாம். நிறுத்துன பெறகுதான் ஓஞ்சுச்சு. எல்லாம் சும்மா பேச்சுன்னு இருந்துட்டேம்மா. தொடச்சு விடுங்க, வாசல் மூடிக்கிரும். பயப்படாதீக, வீட்டாளுக கூப்பிடாம அது உள்ள வராது."

போனை வைத்தாள். சமையலறைக்கு ஓடி ஈரத்துணியை எடுத்து வந்து குனிந்தாள்.

பின்னால் நின்ற குழந்தையைக் காணோம்.

"இந்து!"

இந்துவின் கொலுசுச் சத்தம் கேட்டது. சுவருக்கு அந்தப் பக்கம்.

மேசைக்கடியில் சுவர் இருக்க வேண்டிய இடத்தில் இருட்டு. வித்யாஸ்ரீ கையை நீட்டினாள். எதுவும் தட்டுப்படவில்லை. இன்னொரு கையில் ஈரத்துணி. துடைத்தால் வாசல் மூடிவிடும். மூடினால் பிள்ளை அந்தப் பக்கம்.

துணி நழுவி விழுந்தது.

"வாடா தங்கம்," என்று அலறினாள். "வா, உள்ள வந்துரு! உள்ள வா!"

இருட்டிலிருந்து ஒரு சின்னக் கை அவள் விரல்களைப் பிடித்தது. இழுத்தாள். இந்து சிரித்தபடி மடியில் வந்து விழுந்தாள், உடம்பெல்லாம் ஜில்லென்று. அப்போது வித்யாஸ்ரீயின் தோளில் ஏதோ சேலை உரசியது போலிருந்தது. பிள்ளை கிடைத்த சந்தோஷத்தில் அதையெல்லாம் யார் கவனித்தார்கள்? அழுதுகொண்டே மஞ்சளைத் தேய்த்துத் தேய்த்துத் துடைத்தாள். சுவர் சுவராயிற்று.

அன்று சாயங்காலமே பேயாண்டி வந்து மேசையை ஏற்றிக்கொண்டு போனார். ராகேஷும் ஒரு பக்கம் பிடித்துத் தூக்கிவிட்டான். மூவரும் ஒரே பாயில் படுத்தார்கள். விளக்கை அணைக்கவில்லை.

காலையில் எழுந்ததும் வித்யாஸ்ரீ சீப்பை எடுத்துக்கொண்டு இந்துவை உட்கார வைத்தாள்.

தலை ஏற்கெனவே பின்னியிருந்தது. எண்ணெய் வைத்து, வகிடெடுத்து, நுனியில் பழைய சேலைக் கிழிசலால் முடிந்திருந்தது. அதில் ஈர மண் வாசனை.

"யாரு பின்னிவிட்டா?" வித்யாஸ்ரீ சீப்பைக் கீழே வைத்தாள்.

"ஆத்தா."

வீட்டில் சௌராஷ்டிரம் பேசுகிற குடும்பம். அந்த வார்த்தையை இந்துவுக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை.

"எந்த ஆத்தா?"

குழந்தை அம்மாவை ஆச்சரியமாகப் பார்த்தது.

"நீதானேம்மா உள்ள வரச் சொன்ன?"

சொல்லிவிட்டுப் பாயில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தது, பக்கத்தில் இன்னொருவருக்கு இடம் விட்டு.