மந்திரமூர்த்தியின் சூடு

சித்திரை வெயிலில் பாளையங்கோட்டை வெந்துகொண்டிருந்த ஒரு மத்தியானத்தில், பாக்கியசீலன் தலையணை ஒன்றைக் கிழித்து, அதிலிருந்த இலவம்பஞ்சை உள்ளறை ஜன்னலின் இடுக்குகளில் திணித்துக்கொண்டிருந்தான். அவன் மனைவி கெசியா ஈரக் கையைச் சேலையில் துடைத்தபடி நின்று பார்த்தாள். வெள்ளைக்காரப் பட்டாளத்து ஆஸ்பத்திரிக் கம்பவுண்டராகத் திபெத்துப் பக்கம் போய், இரண்டு விரல்களைப் பனிக்குக் கொடுத்துவிட்டு அவன் திரும்பி மூன்று மாதமாகிறது. அந்த மூன்று மாதத்தில் எதையும் ஏன் என்று கேட்பதை அவள் விட்டிருந்தாள்.

அவன் இப்போது படுப்பது அந்த உள்ளறைப் பரண்மேல். ஓட்டுச் சூடு நேராக இறங்கும் அந்த இடத்தில், கம்பளியைப் போர்த்திக்கொண்டு, சுவர்ப் பக்கம் ஓராள் இடம் விட்டு ஒடுங்கிக் கிடப்பான். உடம்பில் ஒரு பொட்டு வேர்வை இருக்காது.

அன்று சாப்பிடும்போது அவனாகவே சொன்னான். பனிப்புயலில் வழி தப்பியது இரண்டு பேர். அவனும், காயம்பட்டவர்களை டோலியில் தூக்க வந்த ஸ்ரீவைகுண்டத்து மந்திரமூர்த்தியும். குவிந்து கிடந்த பனியை முழங்கையால் குடைந்து உள்ளே போனார்கள். வாசலைத் தாழ்வாகவும் படுக்கும் திட்டை உயரமாகவும் வெட்டினார்கள். குளிர் கீழே தங்கிவிடும், மூச்சின் சூடு மேலே நிற்கும். பஞ்சுக்குள் போலப் பனிக்குள்ளும் காற்று அசையாமல் அடைந்து கிடப்பதால், உள்ளே இருப்பவர்களின் உடம்புச் சூடு வெளியே போகாது. ஒருவர் சூட்டில் ஒருவர் நான்கு நாள் கிடந்தார்களாம்.

"ரெண்டாம் நாளே அவன் செத்துட்டான்," என்றான் பாக்கியசீலன். "நாடியப் பாத்தேன். இல்ல."

கெசியா ரசத்தை ஊற்றப் போனவள் நிறுத்தினாள். "பெறவு?"

"சூடு மட்டும் குறையல. நான் ஒட்டிக்கிட்டே கெடந்தேன். தேடி வந்தவங்க என்னைய மட்டும் வெளிய இழுத்தாங்க. அவன அங்கனயே விட்டுட்டு வந்துட்டேன்." சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். "இப்பம் அவனுக்குக் குளிருதாம், கெசியா."

கையைக் கழுவிவிட்டுப் பரணுக்கு ஏறிப் போனான்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் ஆராதனை முடிந்து அவள் வந்தபோது உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது. தள்ளினாள். கதவிடுக்கிலும் திணித்திருந்த பஞ்சு நெரிபட்டு மெதுவாகத் திறந்தது. தெருவில் மண் கொதித்துக்கொண்டிருக்க, அந்த அறையின் தரையிலோ கணுக்கால் உயரத்துக்குக் குளிர் தேங்கிக் கிடந்தது. நனைந்த கம்பளி வாடையும் ஆஸ்பத்திரிக் கார்பாலிக் மருந்து நெடியும் மூக்கில் ஏற, கதவு பின்னால் தானாகப் பொருந்திக்கொள்ள, மூச்சு புகையாக முன்னே போக, பரண் ஏணியின் படி ஒவ்வொன்றையும் தடவித் தடவி ஏறினாள்.

"என்னங்க."

அவன் பாதத்தைத் தொட்டாள். கல். முழங்கால், வயிறு, நெஞ்சு. எல்லாம் கல். மூக்கருகே கை வைத்துப் பார்த்தாள். இறந்துவிட்டான் என்பது அவளுக்குப் புரிந்தது. அழுகை வரவில்லை. பயமும் எங்கோ தொலைவில், வேறு யாருடைய பயம்போல இருந்தது.

விரல் மரத்துவிட்டது. முழங்கை மரத்துவிட்டது. இறங்க வேண்டும் என்று நினைத்தாள். கால் எங்கே என்று தெரியவில்லை.

கையை ஊன்ற அவன் உடம்பைத் தாண்டி நீட்டினாள். சுவர்ப் பக்கம். கம்பளிக்கு அடியில்.

சூடு.

அகலமான முதுகு ஒன்று. ஏறி இறங்கியது. பைய.

எடு என்று தன் கைக்குச் சொன்னாள். கை வரவில்லை.

கம்பளி அசைந்தது. அந்த முதுகு சுவரோடு ஒண்டி, அவளுக்கு இடம் விட்டது.

கெசியா ஏறிப் படுத்தாள்.