நிற்காத கை

அம்மாவுக்குப் புது வேலை கிடைத்திருந்தது. காது கேளாத நோயாளிகள் சைகையில் சொல்வதை வீட்டிலிருந்தே வீடியோவில் பார்த்து, மருத்துவருக்கு வாயால் எடுத்துச் சொல்ல வேண்டும். முதல் அழைப்பு திங்கட்கிழமை.

அவர்கள் வீட்டுக்குக் கம்பி வழி இணையம் வராது. அதனால் சிம் போட்ட வைஃபை பெட்டி வாங்க, அம்மாவும் சித்தப்பாவும் கடைக்குப் போனார்கள். வாலுவும் ஒட்டிக்கொண்டாள். வாலு என்பது வீட்டில் வைத்த பெயர். காரணம் கேட்கவே வேண்டாம்.

கடையில் இரண்டு கம்பெனிப் பெட்டிகள், ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். கடைக்காரர் சிவப்புப் பெட்டியைப் போட்டுக் காட்டினார். படம் பறந்து வந்தது.

"புதுசும்மா. இந்த நீலம் பழசு, பாதி வேகம்கூட வராது."

"அப்ப சிவப்பே குடுங்க," என்றார் சித்தப்பா.

வாலு அம்மாவின் கையைச் சுரண்டினாள். "நீ இந்தக் கடையிலயா உக்காந்து வேலை செய்யப் போற?"

கடைக்காரர் சிரித்துவிட்டார். "பாப்பா கேக்குறது நியாயம்தான். வேகமானது சுவரைக் கண்டா தயங்கும். உங்க வீட்டுல எப்படியோ?"

அம்மா பர்ஸை மூடினாள். "நோயாளியோட கை பாதியில நின்னுட்டா, வலிக்குதுங்கிறாரா, வலிக்கலங்கிறாரான்னு எனக்கு எப்படித் தெரியும்? தப்பாச் சொல்லிட்டா?"

வீடு திரும்பியதும் வாலு மாடிக்கு ஓடினாள். மேல்வீட்டுத் தையல்கார அத்தையின் போனில் சிவப்பு கம்பெனி சிம். கீழ்வீட்டு லாரி மாமாவிடம் நீலம்.

"பத்தே நிமிஷம் போன் குடுங்க மாமா! எது நிக்காம வருதுன்னு பாக்கணும்."

"குடுக்குறேன். என் பழைய போட்டோவைப் பாத்துச் சிரிக்கக் கூடாது."

அம்மா வேலை செய்யப் போவது உள்ளறையில். தம்பியின் அழுகை எட்டாத ஒரே இடம் அதுதான். அங்கே முதலில் அத்தையின் போனை வைத்தார்கள். சித்தப்பா தெருவில் நின்று, தன் போனில் அழைத்துக் கையை ஆட்டினார். கை மேலே போனது, அங்கேயே நின்றது.

"அம்மா, சித்தப்பா சிலையாயிட்டாரு!"

அடுத்து மாமாவின் போன். படம் சற்று மங்கல்தான்; ஆனால் கை நிற்கவே இல்லை. வாடகைக் கார் ஒன்று சித்தப்பா பக்கத்தில் வந்து நின்றதும், "ஐயோ, உங்களைக் கூப்பிடலைங்க!" என்று அவர் பதறியதும்கூட விட்டுப்போகாமல் வந்தது.

நீலப் பெட்டியே வீட்டுக்கு வந்தது.

திங்கட்கிழமை, திரையில் ஒரு பெரியவர். அவர் கைகள் பேசப் பேச, அம்மா சொன்னாள்: "நெஞ்சுல இல்ல டாக்டர், தோள்லதான் வலி." வாலு கதவோரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஓரிடத்திலும் கை நிற்கவில்லை.

முடிவில் பெரியவர் விரல்களை மோவாயில் வைத்து முன்னால் நீட்டினார். நன்றி. அழைப்பு முடிந்ததும் அம்மா திரும்பி, அதே சைகையை வாலுவுக்குச் செய்தாள்.

"எனக்கு மட்டுமாம்மா?" என்றாள் வாலு.

உடனே மாடிக்கு ஓடி அத்தைக்கும், இறங்கி மாமாவுக்கும் அதைச் செய்து காட்டினாள். லாரி மாமாவுக்கு ஒன்றும் புரியவில்லை. இருந்தாலும் மோவாயைத் தொட்டு, அவரும் அதேபோல் திருப்பிச் செய்தார்.